மாப்பிள்ளைக்கு எந்தக் கை?

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஓட்டை போட்டது. மகள் இடது கையில் டிரில்லைப் பிடித்திருந்தாள். டிரம் உருளாமல் இருக்க அம்மா அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நட்டநடுவுல போடு. கொஞ்சம் தள்ளிப்போனாலும் மாப்பிள்ளை ஏமாத்திடுவாரு."

மாப்பிள்ளை ஒரு கரடி. வேளாவேளைக்குத் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதால் அந்தப் பெயர். அதைப் பராமரித்த அம்மா மிருகக்காட்சிசாலையில் எல்லோருக்கும் கரடியக்கா.

"ஸ்கேல் வச்சு அளந்திருக்கேம்மா. இன்ஜினியரு நான்."

"இன்ஜினியரு வேற மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் எனக்கு இவருதான்."

மகள் டிரில்லை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் பதில் சொல்லத் தேவையில்லை.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அம்மா கரடியின் உயரம், எடை என்று ஒப்பிக்க மாட்டாள். புதிதாக ஏதாவது ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, மாப்பிள்ளை என்ன செய்வார் என்று கேட்பாள். டயர் ஊஞ்சல் கட்டியபோது, ஆடும் என்றார்கள் சிலர். கடித்துப் பிய்க்கும் என்றார்கள் சிலர். அது டயருக்குள் தலையை விட்டுத் தூங்கிப்போனது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நாம நினைச்சபடி அவரு நடக்கணுமா என்ன? பாத்தாத்தான் தெரியும்" என்றாள் அம்மா.

போன முறை ஒரு சிறுமி, கரடிக்கு எந்தக் கை பழக்கம் என்று கேட்டாள். இடது கையால் எழுதுகிறாள் என்று வகுப்பில் அவளைக் கேலி செய்கிறார்களாம். இடதுதான் என்று சொல்லி அவள் மனதைக் குளிரவைத்திருக்கலாம். அம்மா சொல்லவில்லை.

"தெரியலையே கண்ணு. அடுத்த தடவை வா, சேர்ந்து பாப்போம்."

அதற்குத்தான் டிரம். உள்ளே பழம், எந்தப் பக்கமும் சாயாமல் நட்டநடுவில் ஓட்டை, எந்தக் கையை விடுவது என்பது மாப்பிள்ளை இஷ்டம்.

மறுநாள் காலை அம்மா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு.

அம்மாவோடு வேலை பார்த்த பறவைப் பிரிவுக்காரர் துக்கம் கேட்க வந்தார்; கிளம்பும்போது தயங்கி நின்றார். "அந்தப் பொண்ணோட வகுப்பு வெள்ளிக்கிழமை வருதும்மா. இடதுன்னு சொல்லிடவா?"

"வேணாம்ணே. பாத்துட்டே சொல்லுவோம்."

"வலதா இருந்தா மூஞ்சி தொங்கிடுமே."

"நான் பக்கத்துல நிக்கிறேன்." மகள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். அழுது முடித்த முகத்தோடு அவர் சிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை மாலை டிரம்மைக் காரில் ஏற்றப் பார்த்தாள். நுழையவில்லை. ஓட்டையை அளந்த இன்ஜினியர் கார்க் கதவை அளக்கவில்லை. விடிந்ததும் வண்டி கொண்டுவருகிறேன் என்று பறவைப் பிரிவுக்காரர் சொல்லியிருக்கிறார். டிரம் வாசலில் இருக்கிறது.