நான்கு ரோட்டில் திரும்பாத வண்டி

1995இல் அரியலூர் ஆபீசுக்கு மாற்றலான பிறகு தினமும் பெரம்பலூரிலிருந்து மொபெட்டில் போய் வந்தேன். வழியில் கண்ணில் படும் போர்டு, கல்வெட்டு எதையாவது படித்துக்கொண்டே போவேன். எந்த வாய்க்கால் பாலத்தில் எந்த வருடம் பொறித்திருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். சாலையை மட்டும் பார்த்ததாக நினைவில்லை. அதைக் கைகள் கற்றுக்கொண்டன.

மனைவி வேறு மாதிரி. ஒரு போர்டையும் படிக்க மாட்டாள், ஆனால் வழி முழுவதும் வெளியே பார்த்தபடி வருவாள். பலமுறை போன ஊருக்கும் கண்டக்டரிடம் கேட்டுத்தான் ஏறுவாள். அதற்காக அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

1998 வைகாசியில் ஒரு ஞாயிறு. தேதி தெரியும், எழுதக் கூச்சமாக இருக்கிறது. பாடாலூரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தங்கைக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் முடித்தாக வேண்டும். மனைவி முதல் நாளே போய்விட்டாள். நான் காலையில் ஆசாரியிடம் தோட்டை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினேன்.

நான்கு ரோட்டில் வலப்புறம் திரும்பினால் பாடாலூர். நேரே போனால் அரியலூர். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த வருடம், யார் மடியில் காது குத்தினார்கள் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். விருந்தில் சொல்லிக் காட்ட ஆசை.

ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். வாட்ச்மேன் சிரித்தார்.

"என்ன சார், ஞாயித்துக்கெழம பட்டு வேட்டில? பொண்ணு பாக்கவா?"

பாடாலூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. குழந்தை மாப்பிள்ளையின் பங்காளி ஒருவர் மடியில், மொட்டைத் தலையோடு, அழுது ஓய்ந்திருந்தது. காதில், குத்த வந்த ஆசாரி மாட்டிவிட்ட வெறும் கம்பி. தோடு என் சட்டைப்பையில்.

தங்கையின் மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வாங்க. எங்க புள்ளைக்குத் தாய்மாமனே இல்லயோன்னு நெனச்சிட்டோம்."

தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல போட்டாச்சு, சாப்புடுண்ணே" என்றாள்.

மனைவி மட்டும் பக்கத்தில் வந்து கேட்டாள்: "அரியலூருக்குப் போயிட்டீங்களா?" நான் தலையாட்டினேன். சேகரித்த வருடங்களில் ஒன்றைக்கூட அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

பழக்கம் மனசில் எப்படிப் படிகிறது என்று பிற்பாடு நிறையப் படித்தேன். சின்னதைக் கூர்ந்து பார்க்கிற புத்திக்குப் பெரியது கண்ணில் படாமல் போகலாம் என்று புரிந்தது. புரிந்ததால் வெட்கம் குறையவில்லை.

2003இல் தங்கையின் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. முதல் நாள் மாலையே மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "சும்மாதான் மச்சான், ஒங்க கூடவே வண்டில போலாம்னு" என்றார். தங்கைதான் அனுப்பியிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் நான்கு ரோடு வந்ததும் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். "சோத்தாங்கைப் பக்கம், மச்சான்."

நான் திரும்பத்தான் இருந்தேன் என்றேன். பாடாலூர் வரும்வரை அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.