படத்தைப் பார்த்து விடை எழுதுக

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடம் அது. எழுத்தெல்லாம் கெட்டித்தாளில் எழும்பி நிற்கும் புள்ளிகள்தான். அவற்றை விரலால் தடவிப் பிழை பிடிப்பவளுக்கு அங்கே கறார் அக்கா என்று பெயர். பிறவியிலேயே பார்வையில்லாதவள். பதினான்கு வருஷ வேலை. ஒரு புள்ளி பிசகினாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். மேனேஜர் தலைகீழாக நின்றாலும் கையெழுத்து கிடைக்காது.

அன்று ஐந்தாம் வகுப்புப் புத்தகம். நாற்பதாம் பக்கத்தில் விரல் நின்றது. 'படத்தைப் பார்த்து விடை எழுதுக. நதி எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போய் எங்கே சேருகிறது? மதிப்பெண் ஐந்து.' அதன் கீழே வழக்கமான வரி: 'இந்த வினா உங்களுக்கு இல்லை.'

இந்த வரியை எத்தனை நூறு தடவை கடந்திருப்பாள்! அன்றைக்கு என்ன வந்ததோ, விரல் நகர மாட்டேன் என்றது. விரலுக்கடியில் அவளுடைய பழைய வகுப்பறை வந்து நின்றது. டீச்சர் நல்லவர்தான். படக் கேள்வி வந்தால் "நீ ரெஸ்ட் எடும்மா" என்று தலையைத் தடவிவிட்டுப் போவார். சுற்றிலும் நாற்பது பென்சில்கள் தாளில் உரசும், தூறல் மாதிரி. அந்தத் தூறலில் அவள் மட்டும் நனையாமல் உட்கார்ந்திருப்பாள். அழுகை அழுகையாக வரும்.

"இந்தப் பக்கத்துல பிழை இருக்கு" என்றாள்.

எதிரே அசல் புத்தகத்தை வைத்திருந்த டைப்பிஸ்ட் சரிபார்த்தாள். "எல்லாம் சரியாத்தானே இருக்குக்கா?"

"கடைசி வரி பிழை. படம் வேணும்."

மேனேஜர் வந்தார். "வருஷா வருஷம் இப்படித்தானேம்மா போகுது?"

"வருஷா வருஷம் பிழையோட போயிருக்கு சார். நானும்தான் கையெழுத்து போட்டிருக்கேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்குள்ள படம் வரலைன்னா அந்த வரியோடதான் அச்சுக்குப் போகும்."

டைப்பிஸ்ட் அட்டையில் பசை தடவி, நூலை ஒட்டி, புத்தகத்தில் இருந்த படத்தை அப்படியே செய்தாள். அட்டைமேல் தாளை வைத்து அழுத்தினால் நூல் போன வழியெல்லாம் கோடு எழும்பும். மறுநாள் காலையில் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினாள். அக்காவின் விரல் நதியோடு கொஞ்ச தூரம் போய்த் திகைத்தது.

"இங்க நதி அறுந்து போச்சேடி."

"அறுந்து போகலக்கா. மலைக்குப் பின்னால போகுது. மலை மறைக்குது."

"உன் கண்ணை மறைக்குது. என் விரலை எதுக்கு மறைக்கணும்?"

டைப்பிஸ்ட் புத்தகத்துப் படத்தை மறுபடி பார்த்தாள். அட, இரண்டு துண்டு நதி! இத்தனை வருஷம் அது முழு நதி என்றே நினைத்திருந்தாள். கண்ணிருப்பவர்கள் பாவம், பாதியை மறைத்து வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள் என்று அக்காவுக்கும் அன்றுதான் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தைக்கூட விட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். இந்த முறை மலை ஒரு பக்கம் ஒதுங்கியது. ஒரே நூல், எங்கும் அறாமல். கடலுக்கு முரட்டுத் துணி ஒன்றை வெட்டி ஒட்டினார்கள்.

மாலையில் புதுத்தாள் வந்தது. கீழே அந்த வரி இல்லை. அக்காவின் விரல் மலையுச்சியில் இறங்கி, மெதுவாக, நதி இழுத்த இழுப்புக்கெல்லாம் போனது. மலையைச் சுற்றியது, வளைந்தது, நேரமே மறந்து மிதந்தது. கடல் வந்ததும் உள்ளங்கையை விரித்து அப்படியே வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதா? கையெழுத்து போடலாமா?" மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் சட்டத்தில் மாட்டி, புள்ளி குத்தும் ஊசியைத் தேடி எடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க சார். அஞ்சு மார்க் கேள்வி. எழுதிட்டு வர்றேன்."