நான்காம் மாடிப் படுக்கை விரிப்புகள்

ஜூன் இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் வெய் நேரில் வந்து முகர்ந்து பார்ப்பார். நாற்றம் இல்லையென்றால் வாடகை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிப்பார். இருந்தால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஜின்ஜூவிடம் அவர் போனில் சொன்னது அவ்வளவுதான்.

கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் மேட்டில் ஏறும் சந்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி அவள் வீடு. கணவர் தியென்ஷெங் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டியவர். வயது எழுபத்து மூன்று. வாதம் வந்து இடது பக்கம் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. வாய் மட்டும் விழவில்லை.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவருக்கு இங்கே யாரும் புதிதாக வீடு தரமாட்டார்கள். வாடகை வீட்டில் ஒருவர் செத்துப்போனால் அடுத்து வருபவர் அதை விசாரித்துத் தெரிந்துகொள்வார். பிறகு அந்த வீடு பூட்டிக் கிடக்கும். வெய் வீட்டைக் கொடுத்தபோது தியென்ஷெங் நடமாடிக்கொண்டிருந்தார். இப்போது இதுவும் போனால் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். அவள் தைச்சுங்கில் இருக்கும் அக்கா மகளின் வீட்டில் ஒரு மூலையில் ஒண்ட வேண்டும். நாற்பத்தெட்டு வருடத்தில் இருவரும் தனித்தனியாகத் தூங்கிய இரவுகள் ஆஸ்பத்திரியில் கழிந்தவை மட்டும்தான்.

பிளம் பழுக்கும் காலத்து மழை பன்னிரண்டு நாளாக விடவில்லை. துவைப்பதில் சிரமமில்லை, காய்வதில்தான். அரைகுறையாகக் காய்ந்த விரிப்பு, துவைக்காத விரிப்பைவிட மோசமாக வீசும். காசு போட்டால் சூடாக உலர்த்தித் தரும் கடை மேட்டுக்குக் கீழே இருக்கிறது. இறங்கி, உலர்த்தி, ஏறி வர ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் அவரை அடிக்கடி தனியே விட முடியாது. அதனால் நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் விரிப்பும் தலையணை உறையும் கீழே போகும். இடைப்பட்ட நாட்களில் அடித்துணியை மாற்றுவாள், விரிப்பை உதறி மின்விசிறிக்கு முன்னால் பிடிப்பாள், நாற்றம் போக்கும் மருந்து தெளிப்பாள். மருந்து அவளே தயாரிப்பது. கடையில் விற்பதைத் தெளித்தால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

முதல் புட்டி சமையல் அரிசி மதுவில் செய்தது. வெந்நீரை ஆறவைத்து, பாதிக்குப் பாதி மது கலந்து, இஞ்சிச் சாறு விட்டாள். கீழ்த்தளத்தில் மீன் வடை பொரிக்கும் யூச்சின் மேலே வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, யாருக்குப் பிரசவம்?"

"போடி."

"எள்ளெண்ணெய் மட்டும்தான் குறையுது. கோழியையும் போட்டா, பிள்ளை பெத்தவளுக்கு அப்படியே ஊத்திக் குடுத்துடலாம்."

"இந்த வயசுல பெத்துட்டேன்னு ஊர்ல சொல்லு. ஆம்பளப் பிள்ளைன்னு சொல்லு," என்றார் படுக்கையிலிருந்து தியென்ஷெங்.

அடுத்த புட்டிக்கு வெண்சோள மதுவில் கற்பூரத்தைக் கரைத்தாள். நாற்றம் அடங்கியது. ஆனால் அவர் இரண்டு நாள் தும்மினார். "என்னைப் பட்டுத் துணின்னு நெனச்சு அலமாரியில வச்சுட்டியா?" என்றார். ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தாள். மழை விரிப்பில் அடித்தது.

பிறகு டிராகன் படகுத் திருவிழா வந்தது. கெட்டது அண்டாமலிருக்க வாசல்தோறும் மாசிபத்திரிக் கொத்து தொங்கியது. மறுநாள் சந்தையில் மிஞ்சிப்போன கொத்துகளை யூச்சின் சாக்கு நிறைய அள்ளி வந்தாள். ஜின்ஜூ அதை வேகவைத்து வடிகட்டினாள். கசப்பு வாடை தூக்கலாக இருந்ததால், கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மரத்திலிருந்து பம்பளிமாஸ் இலை பறித்துக் கசக்கிப் போட்டாள். கெடாமலிருக்க ஒரு கிண்ணம் வெண்சோள மது. ஜன்னல் துடைக்கும் மருந்து இருந்த புட்டியைக் கழுவி அதில் நிரப்பினாள்.

இந்தத் தடவை சரியாக வந்தது. விரிப்பு புல்வெளி போல மணத்தது. தியென்ஷெங் தும்மவில்லை, நன்றாகத் தூங்கினார். எப்போதும் நாற்றம் என்று முணுமுணுக்கும் மூன்றாம் மாடிக்காரி படியில் எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பவில்லை. ஜின்ஜூ திரைச்சீலைக்குத் தெளித்தாள், சோபா உறைக்குத் தெளித்தாள், கால்மிதிக்கும் தெளித்தாள். பத்து நாளில் அந்த வாசனை அவள் மூக்குக்கே தெரியாமல் போயிற்று.

இருபதாம் தேதி வெய் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். காலடிச் சத்தம் கேட்டதும் வாசல் திரைக்குக் கடைசியாக ஒரு முறை தெளித்துவிடலாம் என்று அவள் புட்டியை அழுத்தினாள். திரையை விலக்கிக்கொண்டு அவர் நுழைந்தார். ஈரம் அவர் சட்டைக்கையில் பூவாக விழுந்தது.

அவர் அப்படியே நின்றார். சட்டைக்கையைப் பார்த்தார். முகர்ந்தார். பின்வாங்கி வாசலுக்கு வெளியே ஒரு படி கீழே இறங்கினார்.

"எப்ப?" என்றார் மெல்ல.

"எப்பன்னா?"

"அண்ணன் எப்ப போனாரு? சொல்லி அனுப்பியிருக்கலாமே அண்ணி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவன் மேல் வாசலில் வைத்துத் தெளிக்கிற தண்ணீரின் வாசனை அது. அதே இரண்டு இலைதான். அவளே எத்தனையோ பேருக்குத் தெளித்திருக்கிறாள்.

"இன்னும் போகல. அவரை உள்ள வரச் சொல்லு, தண்ணி குடு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வெய் முகம் சிவந்து உள்ளே வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது, தலையணை உறை வெளுப்பாக இருந்தது. அவர் பார்த்தது அவற்றை அல்ல. விரிப்புக்கு வெளியே நீட்டியிருந்த குச்சிக் கால்களை.

"நல்லாத் தேறிட்டு வர்றாருன்னு போன்ல சொன்னீங்க," என்றார்.

"நாத்தம் இருக்கா, சொல்லுங்க."

"துளி இல்ல. நான் குறை சொல்லல."

"அப்பக் கையெழுத்துப் போடுங்க தம்பி."

அவர் ஒப்பந்தத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "மூணாம் மாடிப் பொம்பள நாத்தம் அடிக்குதுன்னு சொன்னப்பல்லாம், சரி, ஆளு உயிரோட இருக்காருன்னு நெனச்சுக்குவேன். இன்னைக்குப் படியேறும்போதே எங்க அப்பாவை எரிச்சுட்டு வந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு. இது நாளைக்கு நடக்கப் போறதுதானே அண்ணி. நீங்களும் தயாராத்தான் இருக்கீங்க."

"ஐயோ, இது துணிக்குத் தெளிக்கிறது தம்பி. வெறும் இலைத் தண்ணி."

"உங்களுக்கு அது துணி விஷயம். எனக்கு இந்த ஒரு வீடுதான் இருக்கு."

"நான் சாகமாட்டேன்னு எழுதித் தரட்டுமா? வலது கை நல்லாத்தான் இருக்கு," என்றார் தியென்ஷெங்.

வெய் சிரிக்கவில்லை. எழுந்து, இருவருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த பத்து நாளில் ஜின்ஜூ பத்தொன்பது வீடுகளுக்கு போன் செய்தாள். எத்தனை பேர் என்று முதலில் கேட்டார்கள், பிறகு வயது. அத்துடன் முடிந்தது. ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, "பாவம்," என்று சொல்லி வைத்தார். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த முதியோர் இல்லத்தில் ஆறு பேர் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. தியென்ஷெங்கிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இரண்டு வாரச் சிகிச்சை என்று சொல்லிவைத்தாள்.

முப்பதாம் தேதி இரண்டு ஆட்கள் வந்து அவரை நாற்காலியில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். படி குறுகல். மூன்றாம் மாடிக் கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் மாடி வளைவில் மூச்சு வாங்க நாற்காலியைக் கீழே வைத்தார்கள். அவர் வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேற வீடு கெடச்சுதா?"

"கெடச்சுது. வெள்ளையடிக்கிறாங்க. ரெண்டு வாரத்துல முடிச்சுடுவாங்க."

"எத்தனாவது மாடி?"

"கீழ்த்தளம்தான்."

"அப்ப சரி," என்றார். "இவனுங்களுக்கு மறுபடியும் கூலி குடுக்க வேண்டாம்."

ஆட்கள் நாற்காலியைத் தூக்கினார்கள். அவர் பிடியை விடவில்லை. அதனால் மிச்சமிருந்த படிகளை அவள் பக்கவாட்டாக, சுவரை உரசிக்கொண்டே இறங்கினாள். வண்டியின் கதவு வந்ததும் ஓர் ஆள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டான்.