செவ்வாய் இரவில் பிறந்தவன்

ஸ்பிரிங்வேல் மீன்கடையில் நாகேஸ்வரி வாயைத் திறந்தால், ஐஸில் கிடக்கிற மீன் தானாகவே விலையைக் குறைத்துக்கொண்டு எழும்பி வரும். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பியதில்லை. அவளோடு ஒருமுறை கடைக்குப் போனவர்கள் பிறகு மறுத்துப் பேசியதும் இல்லை. கடைக்காரர் வியட்நாம்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவருடைய பாஷை தெரியாது, இரண்டு பேருடைய ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் ஒரு உள்ளங்கைக்குக் காணாது. என்றாலும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு இவள் யாழ்ப்பாணத் தமிழில் போடுகிற பேச்சுக்கு, அந்த மனிசன் தலையைக் குனிந்துகொண்டு வேறு மீன் எடுத்து வைப்பார்.

அப்படிப்பட்டவள் என் வீட்டு மேசையில் கம்பியூட்டரைத் திறந்தவுடன் ஊமையாகிவிடுவாள். கதிரையின் நுனியில் இருப்பாள். முகம் துடைக்கிற கைலேஞ்சியை உருட்டுவாள். திரையைப் பார்க்கமாட்டாள், என் முகத்தையே பார்ப்பாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் என் முகத்தை அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும்.

நான் கிளென் வேவர்லியில் மகளோடு இருக்கிறேன். நாகேஸ்வரி ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற பகுதியில் வேலை. கோயிலில் அன்னதானத்துக்குக் கறி வெட்டும்போது பழக்கமானோம். ஒருநாள் பூசணிக்காயைப் பிளந்துகொண்டே கேட்டாள்:

"அன்ரி, அமெரிக்காவில பொலிஸ் பிடிச்ச ஆக்களின்ர பேர் எல்லாரும் பாக்கிற மாதிரி இன்டர்நெட்டில கிடக்குமாம். உண்மையே?"

சில மாநிலங்களில் அப்படித்தான் என்றேன்.

"அப்ப என்ர பிள்ளையை ஒருக்காத் தேடித் தாங்கோ."

கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். புருஷன் சிறிதரன் வன்னியில் கடைசிச் சண்டையில் போய்விட்டார். போன இடத்தில் ஒரு கல்கூட வைக்க முடியவில்லை. அவள் தமையன் குடும்பத்தோடு படகேறி இங்கே வந்தாள். ஒரே மகன் கஜீவனுக்கு அப்போது பரீட்சை. சித்தப்பா வீட்டில் நிற்கட்டும், கொஞ்ச நாளில் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டு வந்தவள். அதற்குள் இந்தக் கங்காரு நாட்டுக்காரர், இனிப் படகில் வருகிறவர்களை விடமாட்டோம் என்று கடலைப் பூட்டிவிட்டார்கள். அவளுக்குக் கிடைத்த விசாவில் வேலை செய்யலாம், வரி கட்டலாம். பிள்ளையைக் கூப்பிட ஏலாது. வெளியே போனால் திரும்பி வரலாமென்பதும் நிச்சயமில்லை.

பெடியன் வளர்ந்து, ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து, உலகத்தின் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனான். பிரேசில், காடு, மெக்சிகோ, கடைசியில் டெக்சஸ். எல்லையில் அடைத்து வைத்திருந்துவிட்டு, வழக்கு முடியும்வரை வெளியே இருக்க விட்டார்கள். பெற்றோல் அடிக்கிற ஒரு செட்டில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு வீடியோவில் வருவான். அவள் தோசைக்கல்லுக்கு நேரே போனைப் பிடிப்பாள். அவன் அங்கே காய்ந்த பாண் துண்டைக் கடித்துக்கொண்டு இங்கே தோசை வேகுவதைப் பார்ப்பான். மொறுமொறுவென்று வராவிட்டால் அங்கிருந்தே குறை சொல்லுவானாம்.

ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இவள் போன் எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்த இலக்கம் ஸ்பானிஷ் பேசுகிற ஒரு பெண்ணிடம் போய்விட்டது. நாகேஸ்வரி அவளைத் தமிழில் திட்டித் தீர்த்தாள். அந்தப் பெண் போனை வைக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு இவள்தான் அழுதுகொண்டு வைத்தாள்.

மற்றத் தாய்மார் பிள்ளையின் பெயர் பொலிஸ் பதிவில் இருக்கக்கூடாதென்று நேர்த்தி வைப்பார்கள். இவள் இருக்கவேண்டுமென்று வைத்தாள். சிறையில் இருந்தால் உயிரோடு இருக்கிறான். சாப்பாடு போடுவார்கள், மழையில் நனையமாட்டான், போன் இல்லாதபடியால்தான் எடுக்கவில்லை. குற்றத்தையும் அவளே தெரிவுசெய்து வைத்திருந்தாள். களவாக இருக்காது, யாருக்காவது அடித்திருப்பான், தகப்பனின் கோபம்.

"என்ன செய்திருந்தாலும் பரவாயில்லை அன்ரி. உள்ளுக்க இருந்தாக் காணும்."

ஒரே ஒரு பெரிய பதிவேடு இருக்கும், பெயரைப் போட்டால் ஆள் வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். குடிவரவுக்காரர் அடைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கம். அதில் இல்லை. தண்டனை பெற்றவர்களின் பெரிய சிறைகளுக்கு ஒரு பக்கம். அதிலும் இல்லை. பொலிஸ் பிடித்தவுடன் கொண்டுபோய் வைப்பது கவுண்டிச் சிறையில். கவுண்டி என்றால் நம் ஊரில் ஒரு சின்ன மாவட்டம் மாதிரி. டெக்சஸில் அப்படி இருநூற்றுக்கு மேல். ஒவ்வொன்றும் தன் கைதிகளைத் தன் பக்கத்தில் போடும். சில பக்கங்கள் பளிச்சென்று இருக்கும். சில, யாரோ ஒருவரின் மருமகன் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் செய்துவிட்டு மறந்துபோனது மாதிரி இருக்கும். இடையிடையே தனியார் கடைகள் வேறு: உங்கள் ஆளைப் பற்றித் திடுக்கிடும் செய்தி கிடைத்திருக்கிறது, வங்கி அட்டையைக் கொடுங்கள் என்று மின்னும். பொய்யில் எனக்கு நீண்டகாலப் பழக்கம் இருப்பதால் அவற்றை உடனே இனங்கண்டு மூடிவிடுவேன்.

அந்தப் பக்கங்களின் தேடல் பெட்டிகளில் குடும்பப் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது, தகப்பன் பெயர்தானே. ஆகவே ஒவ்வொரு முறையும் செத்துப்போன சிறிதரனை முதலில் கூப்பிட்டு, பிறகுதான் கஜீவனைக் கேட்கவேண்டியிருந்தது. அடுத்து பிறந்த திகதி. ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, ஜூலை பதினோராம் திகதி என்பாள். பல பக்கங்கள் திகதி இல்லாமல் நகராது. நகருகிற பக்கத்திலும் போடச் சொல்லுவாள், வேறு யாருடைய பிள்ளையையும் தன் பிள்ளையென்று தூக்கிவிடக்கூடாதாம்.

பதிவு இல்லை. பதிவு இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் மூச்சு ஒன்று பெரிதாக வெளியே வரும்.

அந்த மூச்சைக் கேட்கப் பொறுக்காமல் நான் கதை விடுவேன். டெக்சஸ் சிறையில் ஒரு ஆளுக்குப் போடுகிற இறைச்சித் துண்டை இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கவேண்டும் என்பேன். அங்கே ஒரு கைதியைப் பார்க்க வந்த மாமியை ஜெயிலரே கலியாணம் கட்டிவிட்டார், இப்போது கைதி அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறான் என்பேன். சிரிப்பாள்.

"நீங்கள் சொல்லுறதில கால்வாசி உண்மையெண்டாலும் கடவுள் உங்களை மன்னிச்சுவிடுவார் அன்ரி" என்பாள். பிறகு அடுத்த கவுண்டி.

போன ஜூலையில், இந்த நாட்டின் குளிர்காலத்தில், குளிர் எலும்பைக் குடைகிற ஒரு பின்னேரம், கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். கஜீவன் பிறந்தநாள். சாப்பிட்டுக்கொண்டே அவன் பிறந்த கதையைச் சொன்னாள். ஷெல்லுக்குப் பயந்து ஓடிப்போய் இருந்த பள்ளிக்கூடம். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை ஒன்றாகப் போட்டு அதன்மேல் பிரசவம். வெளிச்சம் தெரியக்கூடாதென்று விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்களாம். மருத்துவிச்சி இருட்டில் தடவித்தான் கொடி வெட்டினாளாம். அப்போதுதான் எங்கோ முதற்சேவல் கூவியதாம்.

நான் கரண்டியை வைத்தேன். அப்படியென்றால் நடுச்சாமம் கழிந்துதானே பிறந்திருக்கிறான் என்று கேட்டேன்.

"ஓம், விடியப்புறம்."

"அப்ப புதன்கிழமையெல்லே பிள்ளை?"

"பொழுது விடியேல்லையே அன்ரி. பிறகெப்பிடிப் புதன்? செவ்வாய் இரவுதான். சாதகத்திலயும் அப்பிடித்தான் எழுதினது."

அவள் சொன்னதில் பிழை இல்லை. நமக்கு நாள் மாறுவது சூரியன் எழும்பும்போது. வெள்ளைக்காரன் காலண்டரில் நாள் மாறுவது எல்லோரும் நித்திரையில் கிடக்கும் நடுச்சாமத்தில். பிறப்பைப் பதிய சிறிதரன் தனியாகப் போனவர். பதிகிறவர் மணியைக் கேட்டுப் பன்னிரண்டாம் திகதி என்று எழுதியிருப்பார். அந்தக் கடதாசி வன்னியில் எரிந்துபோனது. பாஸ்போட்டைப் பெடியன் பிறகு கொழும்பில் எடுத்தான். இவள் அதைக் கையால் தொட்டதே இல்லை. இந்த நாட்டில் இவள் நிரப்பிய அத்தனை படிவத்திலும் மகன் பிறந்தது பதினொன்று.

கேசரிக் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். சிறிதரன். கஜீவன். பன்னிரண்டு. பழையபடி முதலாவது கவுண்டியிலிருந்து தொடங்கினேன். வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. நாங்கள் எப்போதோ பார்த்துவிட்டு, இல்லையென்று விட்டுவிட்டு வந்த ஒரு கவுண்டியில் அவன் இருந்தான். படத்தோடு.

அன்றைக்குத்தான் நாகேஸ்வரி முதன்முதலாகத் திரையைப் பார்த்தாள். எழும்பி வந்து, கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"தாடி வழிக்கேல்லை" என்றாள். பிறகு, "கழுத்தைப் பாருங்கோ. சாப்பிடுறேல்லை."

என்ன குற்றமென்று கேட்டாள். லைசன்ஸ் இல்லாமல் கார் ஓட்டியது என்றேன். அவளுக்குக் கொஞ்சம் மானக்குறைவாகப் போய்விட்டது. ஒரு அடிதடிகூட இல்லையா, இதற்கா பிடித்தவர்கள் என்றாள். அடுத்த நாளே விட்டுவிட்டதாகவும் அதில் இருந்தது. பிடிபட்ட திகதியை அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவன் இன்னும் போன் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஞாயிறு கமரா பழுது என்று முகத்தைக் காட்டாமல் பேசினானாம். இதுதானா அது, கள்ளப் பயல், என்னட்டை மறைச்சவன் என்று படத்தைப் பார்த்து ஏசினாள். ஏச ஏச அவள் முகத்தில் பத்து வயது குறைந்தது. தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனாள். அங்கிருந்தும் அவனுக்கு ஏச்சு வந்துகொண்டே இருந்தது.

படத்துக்குக் கீழே வழக்கு இலக்கம் இருந்தது. கைது என்பது கதையின் தொடக்கம்தான். முடிவு நீதிமன்றப் பக்கத்தில் இருக்கும். அதில் அவனுடைய விலாசம் ஏதும் கிடைக்குமென்று இலக்கத்தைப் போட்டுத் திறந்தேன். விலாசம் இருக்கவில்லை. கடைசி வரியில், வழக்கு தள்ளுபடி என்று இருந்தது. காரணம்: குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார்.

அவள் இரண்டு கோப்பையோடு வந்து நின்றாள். வழக்கைத் தள்ளிவிட்டார்களாம் பிள்ளை என்று தொடங்கினேன். அது பொய்யில்லை. அதற்கு மேலே சொல்ல ஒரு நல்ல கதை தேடினேன். இத்தனை வருஷமாகக் கேட்காமலே வந்து விழுந்த கதைகளில் ஒன்றுகூட அன்றைக்கு வரவில்லை.

அவள் கோப்பைகளை மேசையில் வைத்தாள்.

"அன்ரி, உங்களுக்கு வடிவாப் பொய் சொல்ல வரும். இண்டைக்கு வேண்டாம்."

சொன்னேன்.

அவள் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, இரண்டு கோப்பையையும் கழுவினாள். துடைத்தாள். திரும்பவும் கழுவினாள். என் மகள் வேலையால் வந்து தண்ணிக் குழாயைப் பூட்டும் வரைக்கும் கழுவிக்கொண்டே நின்றாள்.

அன்றிரவு எங்கள் வீட்டிலேயே படுத்தாள். காலையில் இங்கே இருட்டாக இருக்கும்போதே அந்த நீதிமன்ற அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே அது முதல்நாள் பின்னேரம். ஒரு பெண் பேசினாள், தன்மையானவள். வழக்கு இலக்கத்தைச் சொன்னதும் எடுத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டாள். அவனுடைய தாய் பக்கத்தில் இருக்கிறாள் என்றேன். அவள் குரல் இறங்கிவிட்டது. இறந்த திகதியைச் சொன்னாள். நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போனவனைக் கார் அடித்திருக்கிறது. உறவினர் யாரும் கிடைக்காதபடியால் கவுண்டியே அடக்கம் செய்திருக்கிறது.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

"லைசன்ஸ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டவனெல்லே" என்றாள் நாகேஸ்வரி. "அதுக்குப் பிறகு காரை விட்டிட்டு நடந்து போயிருக்கிறான். சொல்வழி கேட்டு நடந்திருக்கிறான்."

போனை வைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"விடிய முன்னமோ, விடிஞ்ச பிறகோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை, திரும்பக் கேட்கச் சொன்னாள். சூரியன் எழும்ப முன்னமா, பின்னரா என்று இன்னொரு முறை ஆங்கிலத்தில் சொன்னேன். கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. திகதி மட்டும்தான் இருக்கிறது, மன்னிக்கவேண்டும் என்றாள். மரணச் சான்றிதழில் நேரம் இருக்கலாம், ஆனால் அதை எடுப்பதற்குத் தாய் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றாள். தாயிடம் இருந்த அத்தாட்சி எல்லாவற்றிலும் மகன் பிறந்தது பதினொன்று.

ஒரு வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

கோயிலில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, நேரம் தெரியாவிட்டால் திதியை எப்படி முடிவுசெய்வது என்றார். விடிவதற்கு முந்தி என்றால் ஒன்று, பிந்தி என்றால் மற்றது, நீங்களே ஒன்றைத் தெரிவுசெய்யுங்கோ அம்மா என்றார். நாகேஸ்வரி மாட்டேனென்று தலையை ஆட்டினாள்.

"பிறந்த நாளை ஒண்டெண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டு பிள்ளையைத் தவறவிட்டிட்டன் ஐயா. இதுக்கு ரெண்டு நாளும் விரதம் இருக்கிறன்."

முதலாவது ஆட்டத் திவசம், அதாவது வருஷத் திதி, இந்த மாதம் வந்தது. வேலையில் இரண்டு நாள் லீவு கேட்டாள். எது நினைவு நாள் என்று மனேச்சர் கேட்டதற்கு இரண்டும் என்றாளாம். முதல்நாள் இலை போட்டுப் படைத்து, விரதம் இருந்தாள். அடுத்த நாளும் அதே மாதிரி. இரண்டு நாளும் நான் போனேன். இரண்டு நாளும் படையலில் தோசை இருந்தது. இரண்டாம் நாள் அவள் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மொறுமொறுப்புப் போதாதென்று எடுத்து வைத்துவிட்டு, அவனுக்கு இன்னொன்று சுடப் போனாள்.