உள்ளே எரியும் சுருட்டு

வெளிநாட்டில் நான் வசிக்கும் டூங்கபியின் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பூங்காவில்தான் அவரைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் செபமாலை, முறுக்கேறிய முன்கைகள். மண்டையைப் பிளக்கும் நண்பகல் வெயில். என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்தார். பிறகு அதைத் திருப்பி, எரிகிற முனையை வாய்க்குள் வைத்து உதடுகளை மூடிக்கொண்டார்.

“அங்கிள், நெருப்பு!” என்று அலறிவிட்டேன்.

அவர் நிதானமாகச் சுருட்டை எடுத்துப் புகையை விட்டார். “பயப்பிடாதேங்கோ தம்பி. நாற்பது வருசமா இப்பிடித்தான். இந்த ருசி வேற எதிலயும் இல்லை.”

“வாய் வெந்துடாதா?”

“பழகினால் சுடாது. நான் மன்னார்க் கடல்ல மீன்பிடிச்சனான். சண்டைக் காலத்தில ராவில வள்ளத்தில ஒரு தணல் தெரிஞ்சாக் காணும், மேல ஹெலியில இருந்து சுட்டுப்போடுவாங்கள். எனக்கோ சுருட்டை விட ஏலாது.”

“இங்க யாரு அங்கிள் சுடப்போறாங்க? நேராவே பிடிங்களேன்.”

“ஓம், அதுவும் சரிதான்” என்று சிரித்தார். தணல் வெளியே தெரிய, ஆசையாக ஒரு இழுப்பு இழுத்தார்.

அப்போது மருத்துவமனை ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேலே தாழப் பறந்து வந்தது. அவர் சட்டென்று தணலை வெறும் உள்ளங்கையால் பொத்தினார். தோல் கருகும் வாடை எனக்கு அடித்தது. அந்தச் சத்தம் முழுவதும் ஓயும்வரை அவர் கையைத் திறக்கவேயில்லை.