அப்பாவின் காலடியில் வைத்த இரும்பு

என் அக்காவின் வளைகாப்பை நினைத்தால், வளையல் சத்தத்துக்கு முன்னால் கியர் அரைபட்ட சத்தம்தான் காதில் விழுகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

அப்பாவிடம் தாத்தா காலத்துக் கார் ஒன்று இருந்தது. அதன் கியர் தரையில் இருக்காது; ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று நான்கு பேரும் அதில்தான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ராதாபுரம் பக்கம், அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போனோம். ஏழாம் மாத வளைகாப்பு முடித்து அக்காவைப் பேறுகாலத்துக்கு அழைத்துவர வேண்டும். அன்று புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் வண்டி நகராவிட்டால் அக்கா இறங்கி வீட்டுக்குள் போய்விட வேண்டும், பிறகு ஒன்பதாம் மாதம்தான் அனுப்புவோம் என்று அத்தானின் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

வளையல் போடும்போது இடது மணிக்கட்டில் யார் கை பட்டாலும் அக்கா முகம் சுளித்தாள். அங்கே ஒரு புண் ஆறியும் ஆறாமலும் இருந்தது. கேட்டதற்கு, அடுப்பில் பட்டது என்றாள்.

புறப்படும் முன் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, முந்தானைக்குள்ளிருந்து பாக்குவெட்டியை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைத்தாய்ச்சி வழிப்பயணம் போனால் கூடவே இரும்பு போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

"வண்டிக்குள்ள விரிப்புக்கு அடியில வச்சிரு. யாரும் பாக்கப்பிடாது," என்றாள்.

பார்த்துவிட்டால், தங்கள் கண்ணுக்குப் பயந்துதான் வைத்தோம் என்று சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். எந்த விரிப்பு என்று அம்மா சொல்லவில்லை. நானாக யோசித்தேன். வண்டியை ஓட்டுவது அப்பா. கண்ணேறு தட்டினால் அவர் காலில்தானே முதலில் தட்டும்? இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அவர் கால் வைக்கும் இடத்தில் கிடந்த தேங்காய்நார் விரிப்பைத் தூக்கி, அடியில் வைத்து மூடினேன். சரியான இடத்தில் வைத்தோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பதினொன்றரை மணிக்கு அக்கா பின் சீட்டில் ஏறினாள். நான் அவள் பக்கத்தில். அத்தான் வாசலுக்கு வரவில்லை. கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வண்டியைக் கிளப்பிக் கியர் போட்டார். கறகறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போக மறுத்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே சத்தம். தெருவில் நின்ற ஒருவர், "அண்ணாச்சி, ரெண்டு காளையப் பூட்டிருவமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் பிடரியில் வியர்வை வழிந்தது.

சித்தப்பா பம்புசெட் மோட்டார் பிரித்துப் பழகியவர். "இருங்கண்ணே, எஞ்சினை அணைங்க. இப்பம் போடுங்க."

எஞ்சின் ஓடாதபோது வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல எல்லாக் கியரும் விழுந்தது.

"கியர்ப் பொட்டி நல்லாத்தான் இருக்கு. கியர்ல வச்சே கிளப்பிப் பாக்கணும். வண்டி துள்ளும், புள்ளைய எறக்குங்க."

"நான் எறங்க மாட்டேன் சித்தப்பா," என்றாள் அக்கா.

அத்தானின் அம்மா ஜன்னலருகே வந்தார்கள். "ஏளா, இதென்ன வீம்பு? எறங்கி உள்ள வா. வண்டியே சகுனம் சொல்லுதுல்லா."

"இருக்கட்டும் அத்தை."

"வெயில்ல வேகுதியே. மோராவது குடிச்சிட்டு வா."

"வேண்டாம் அத்தை."

அப்பாவும் இறங்கச் சொன்னார். அக்கா யாரையும் பார்க்காமல் என் கையைப் பிடித்தாள். வளையல் உடைந்து என்னைக் கீறும் அளவுக்குப் பிடித்தாள். வண்டி துள்ளும் என்று அவளுக்குப் பயம்; அப்படியிருக்க ஏன் இறங்க மாட்டேன் என்கிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அவள் இறங்காததால் சித்தப்பா அந்தச் சோதனையை விட்டுவிட்டார். அப்பாவை இறங்கச் சொல்லி, அவர் இடத்தில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். "கிளட்ச்தான் விட மாட்டேங்கு. மிதி பாதியிலயே நிக்கி அண்ணே. அடியில கம்பி எங்கயோ முட்டுது," என்று துண்டை விரித்து வண்டிக்கடியில் போனார். அப்பாவும் பக்கத்தில் குனிந்தார்.

மிதி பாதியில் நிற்கிறது என்றதும் நான் வைத்த பாக்குவெட்டி நினைவுக்கு வந்தது. சொன்னால் அம்மாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் அக்கா ஒன்பதாம் மாதம்தான் வருவாள். உள்ளே சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அக்காவின் காதில் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"சத்தங்காட்டாத," என்றாள். "பையப் பைய எடுத்து எங்கிட்ட தா."

எல்லாரும் வண்டிக்கடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, முன் சீட்டுக்கு மேலாகத் தொங்கி, விரிப்புக்குள் கைவிட்டு எடுத்தேன். அக்கா வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அடியில் இரண்டு தட்டுத் தட்டிய சித்தப்பா, "இப்பம் மிதிங்க அண்ணே!" என்று கத்தினார். அப்பா ஏறி மிதித்தார்; மிதி தரைவரை போனது. சித்தப்பா வெளியே வந்ததும் வண்டியைக் கிளப்பிப் போட, கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"கம்பிதான். நான் சொல்லல?" என்று எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றார் சித்தப்பா. காளை பூட்டச் சொன்னவரே அவர் முதுகைத் தட்டினார். அந்தப் பெயரை அவர் சாகும்வரை நாங்கள் கெடுக்கவில்லை.

குழந்தை பிறந்த பிறகும் அக்கா அந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ஏன் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. அன்று வண்டியில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணேறிலிருந்து அம்மன் எங்களைக் காப்பாற்றிவிட்டாள் என்பதுதான். வள்ளியூர் தாண்டியும் அக்கா பாக்குவெட்டியை விடவில்லை. களக்காட்டு வயல்கள் பச்சையாகத் தெரிந்தபோது, அவள் உள்ளங்கையில் அதன் தடம் சிவந்து பதிந்திருப்பதைப் பார்த்தேன்.

"எங்கிட்ட தாக்கா, நான் வச்சிக்கிடுதேன்," என்றேன்.

"இன்னுங் கொஞ்ச தூரம் போவட்டும்ளா," என்றாள்.

எதிலிருந்து தூரம் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.