சீட்டில் ‘எட்ஜி’ என்று எழுதிய ஜெனிதா

சோமனூரில் சென்னகேசவனின் தறிக்குடோனுக்கு ஒரு காலத்தில் வந்தவர்கள் துணியைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நூல் மட்டம் என்று சொல்லலாம், இழை நெருக்கம் போதாது என்று சொல்லலாம். ஓரத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. புதிதாக வந்த ஒரு வியாபாரி தெரியாமல் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போனது அந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

இந்தக் கோபம் ஒன்பது வருஷம் இருந்தது. அதற்குக் காரணம் உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு.

சென்னகேசவன் படித்தது அஞ்சாம் வகுப்பு. பதினாறு வயசில் தறிக்கு வந்தவர், முப்பது தாண்டுவதற்குள் எட்டு விசைத்தறிக்குச் சொந்தக்காரர் ஆனார். இரண்டாயிரத்துப் பதிமூன்றில் ஒரு நாள் கருப்பும் கடுகு மஞ்சளுமாகக் கட்டம் போட்ட துணி ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கு இழையை ஓட்டும் நாடாவை மாற்றிக் கொடுக்கும் பெட்டி சிக்கிக்கொண்டு, நேராகப் போக வேண்டிய கட்டம் பாதியில் முறிந்து படிக்கட்டு மாதிரி ஒரு பக்கமாக நழுவியது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தை வெட்டி எறிந்திருப்பார்கள். இவர் தறியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தத் தப்பையே வேண்டுமென்று திரும்பத் திரும்பச் செய்து மூன்று மீட்டர் நெய்தார். முதன்முதலாகத் தன் யோசனையில் ஒரு துணி. கை நடுங்கியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மனைவி ஜெயக்கொடி வந்து பார்த்தாள். “ஏனுங்க, இது துணியா, கோழி கெளறுன வாசலா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கோட்டைமேட்டு ரசாக்தான் அவருக்குத் துணி புரோக்கர். பீளமேட்டில் இருந்த ஒரு சாம்பிள் ஆபீசுக்கு அந்த மூன்று மீட்டரையும் அவர் கொண்டுபோனார். அந்த ஆபீசின் வழக்கம், கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத் துணியில் கருத்துச் சீட்டைக் குத்தித் திருப்பி அனுப்புவது. ஒரு வாரத்தில் துணி வந்தது. சீட்டில் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை. கீழே ‘ஜே.ஏ.’ என்று கையெழுத்து.

“எட்ஜின்னு போட்டிருக்குதுங்ணா,” என்றார் ரசாக். பத்தாவது வரை படித்தவர். “எட்ஜுன்னா ஓரமுங்க. ஓரத்துல என்னமோ கொறைங்கறாங்க போல.”

சென்னகேசவனுக்குக் காது சூடேறியது. ஓரம்தான் நெசவுக்காரனின் மானம். நடுவில் ஆயிரம் வித்தை காட்டலாம், ஓரம் இழுத்துக்கொண்டால் துணி குப்பை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பக்கமும் கடைசி வரை அளந்தார். ஒரு இழை பிசகவில்லை.

“இன்னும் அஞ்சு மீட்டர் நெய்ஞ்சு தருவாங்களான்னு கேட்டாங்கண்ணா.”

“ஓரங்கெட்ட துணி அஞ்சு மீட்டர் எதுக்காம்? அந்த ஜே.ஏ.வுக்குக் கோவணம் கட்டவா? அப்படியே போயிச் சொல்லுங்க ரசாக்கு.”

ரசாக் அப்படியே போய்ச் சொல்லவில்லை. நெசவுக்காரர் ஊரில் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார். சென்னகேசவன் மிச்சத் துணியைக் கிழித்து எண்ணெய் துடைக்கப் போட்டார். அன்றோடு கட்டமும் போச்சு, கலரும் போச்சு. எட்டுத் தறியிலும் கூலிக்கு வெறும் காடா துணி ஓடியது. ஒன்பது வருஷம் வெள்ளையில் வெள்ளை. யார் கேட்டாலும், “நமக்கெதுக்குங்க டிசைனு, ஓரமே வராத ஆளு,” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மகள் சௌடேஸ்வரி பீளமேட்டில் காலேஜ் சேர்ந்த முதல் வருஷம், அவளுடைய ஆசிரியை போன் செய்தார்.

“சார், சௌடேஸ்வரி நல்லாப் படிக்கறா. பரீட்சை வந்தாத்தான் கொஞ்சம் எட்ஜியா ஆயிடறா.”

சென்னகேசவன் கட்டிலை விட்டு எழுந்தார். “ஏனுங்க மேடம், என்ர புள்ளைக்கு எந்த ஓரத்துல கொறைங்கறீங்க?”

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எட்ஜி என்றால் ஓரம் இல்லை, பதட்டமாக இருப்பது, தொட்டால் சுள்ளென்று விழுவது என்று விளக்கினார்.

போனை வைத்துவிட்டு ஜெயக்கொடியிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“துணி பதட்டப்படுமாங்க?” என்றாள். “நெய்ஞ்ச ஆளு பதட்டப்பட்டிருப்பாரு.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த மூன்று மீட்டர் நெய்தபோது கை நடுங்கியது நிஜம். அதைப் பீளமேட்டில் உட்கார்ந்துகொண்டு துணியைப் பார்த்தே எவனோ கண்டுபிடித்துவிட்டானா? ஓரம் கெட்டது என்றால் ஸ்கேலை வைத்துச் சண்டை போடலாம். கை நடுங்கியது என்றால் எதை வைத்துச் சண்டை போடுவது? தன் கை எதற்கு லாயக்கு என்று அவருக்கு அன்றே தெரிந்தாக வேண்டியிருந்தது. ரசாக்கிடம் விலாசம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பழைய ஆபீசை எப்போதோ மூடிவிட்டார்கள். ஜே.ஏ. இப்போது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறையில் சாம்பிள் புத்தகங்கள் தயார் செய்வதாக ரசாக் சொல்லியிருந்தார். படி ஏறிப் போனால், நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண், பல் வைத்த கத்தரியால் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார். ஒல்லி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. காலுக்கடியில் துண்டுத் துணி குவியல்.

“ஏனுங்க, ஜே.ஏ.ங்கறவரு இருக்கறாருங்களா?”

“நாந்தான். ஜெனிதா அமிர்தராஜ். துணி குடுக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?”

ஒன்பது வருஷமாக ஒரு ஆம்பளையைத் திட்டிக்கொண்டிருந்தவருக்கு வாய் குழறியது. “சண்டைக்கு வந்தனுங்க.”

“அப்ப உக்காருங்க. நின்னுட்டே சண்டை போட இங்க எடமில்ல.” ஜன்னல் வழியாகக் கீழே எட்டி, “ரெண்டு டீ!” என்று கத்தினார்.

சென்னகேசவன் எல்லாவற்றையும் கொட்டினார். சீட்டு, ஓரம், ஸ்கேல், எண்ணெய் துடைத்தது, மகளின் ஆசிரியை சொன்னது. கோவணத்தை மட்டும் விட்டுவிட்டார். ஜெனிதா கத்தரியைக் கீழே வைத்தார்.

“கருப்பும் கடுகும். கட்டம் உடைஞ்சு எறங்குமே, அதுங்களா?”

“அதேதானுங்க.”

அவர் எழுந்து அலமாரியிலிருந்து தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பக்கத்துக்கு நாலு துண்டுத் துணி. ஒரு பக்கத்தில், நாலு விரல் அகலத்தில், அது இருந்தது. பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது: ‘சோமனூர். பெயர் தெரியாது. கெட்டிக்காரர்.’

“புரோக்கருங்க நெய்யறவங்க பேர எங்களுக்குச் சொல்ல மாட்டாங்கண்ணா. நேரா வந்துருவோம்னு பயம். யாரு நெய்ஞ்சதுன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன்.” ஜெனிதாவுக்குக் குரல் உயர்ந்தது. “எட்ஜின்னா நான் திட்டலீங்க. கும்புட்டேன்!”

பிறகு விளக்கினார். “உங்க புள்ள டீச்சர் சொன்னதும் சரிதான். பரீட்சை ஹால் வாசல்ல நகத்தக் கடிச்சுட்டு நிக்கறவ எட்ஜி. இன்னொண்ணும் இருக்குது. கல்யாண ஊட்டுல எல்லாரும் வெள்ள வேட்டி. ஒருத்தன் மட்டும் கருப்பு ஜிப்பா போட்டுட்டு வாரான். நாலு பேரு ஒரு மாதிரி பாக்கறாங்க. மறு முகூர்த்தத்துல அதே நாலு பேரும் கருப்பு ஜிப்பா தேடறாங்க. அந்த மொத ஆளு போட்டது எட்ஜி. ரெண்டு பேருமே கெணத்து மேட்டுலதான் நிக்கறாங்கண்ணா. ஒருத்தி உளுந்துருவமோன்னு நிக்கறா. ஒருத்தன் எட்டிப் பாத்தே தீருவேன்னு நிக்கறான்.”

சென்னகேசவன் துண்டால் மூக்கைச் சிந்தினார். டீ ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கை நடுங்குச்சுங்க அம்மணி, அன்னிக்கு,” என்றார். வேறு யாரிடமும் சொல்லாததை ஜெனிதாவிடம் சொன்னார்.

“அப்ப ரெண்டு எட்ஜியும் சேந்ததுதான் அந்தத் துணி,” என்றார் ஜெனிதா.

ஜெனிதாவின் அப்பா அமிர்தராஜ் பீளமேட்டு மில்லில் வேலை பார்த்துக்கொண்டே மில் பேண்டில் வாத்தியம் வாசித்தவர். மில் மூடிய வருஷமே படுத்தார். ஜெனிதா பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொண்டு துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனார். அவருக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தது வெளிநாட்டுக்காரர்கள் துணியைத் திருப்பி அனுப்பிய கடிதங்கள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு புதுத் திட்டு, ஒவ்வொன்றுக்கும் அகராதி. பாராட்டுக்கான வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளத்தான் வெகு நாள் ஆச்சு என்று சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோவிலில் பாட்டுக் குழுவில் கடைசி வரிசை. மற்ற ஆறு நாளும் துணி. எந்தத் துணியையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் யார் என்று பார்க்க மாட்டார், ஐந்து நிமிஷத்தில் பப்ஸ் வாங்கித் தருவார்.

அடுத்த மாதமே ஜெனிதா பஸ் பிடித்துச் சோமனூர் வந்தார். தறிச் சத்தத்துக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தானாக வந்த தப்பைத் திட்டம் போட்டுச் செய்வது அத்தனை சுலபமில்லை. நாலு தடவை கட்டம் ஒழுங்காகவே வந்து தொலைத்தது. “ஐயோ, சரியா வந்துபோச்சே!” என்று ஜெனிதா தலையில் கைவைக்க, ஜெயக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஞ்சாவது தடவை கட்டம் உடைந்து, நழுவி, இறங்கியது. ஜெனிதா துணியைக் கன்னத்தில் ஒற்றினார். ஜெயக்கொடி சொன்னாள், “கோழி மறுக்கா கெளறிப்போட்டுது.”

துணியை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் முன்னால் நீங்களே வந்து காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஜெனிதா அவரைக் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சட்டை, கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை. சென்னகேசவன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இப்ப நீங்க எந்த எட்ஜிங்ணா?” என்று ஜெனிதா காதோரம் கேட்டார்.

“மொத எட்ஜிங்க அம்மணி. ஒண்ணுக்கு வருது.”

“போயிட்டு வாங்க. ரெண்டாவத நான் பாத்துக்கறேன்.”

அவர் திரும்பி வந்தபோது, மேஜை மேல் துணி விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஜெனிதா நின்று, “இவருதான் நெய்ஞ்சவரு,” என்றார். முப்பத்தைந்து வருஷத் தறி வாழ்க்கையில் ஒருத்தர் அவரைக் கை காட்டி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று என்ன ஆர்டர் கிடைத்தது என்று கேட்டால் அவருக்கு யோசித்துத்தான் சொல்ல முடியும். அந்த இரண்டு வார்த்தையை யோசிக்க வேண்டியதில்லை.

மூன்று வருஷம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். எட்டில் மூன்று தறி கலருக்கு மாறியது. வாரம் ஒரு போன் வரும்: “அண்ணா, இது கருப்பா? கரிச்சட்டியக் கழுவுன தண்ணி!” அவரும் விடமாட்டார்: “கண்ணாடியக் கழுவிப்போட்டுப் பாருங்க அம்மணி.” புரோக்கர் ரசாக் சங்கடப்பட்டுக்கொண்டு ஒரு நாள் மன்னிப்புக் கேட்க வந்தார். சென்னகேசவன் அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அந்தச் சீட்டை ரசாக் தப்பாகப் படித்தார், சரிதான். கேட்டுவிட்டு வா என்று அவரை மறுபடி அனுப்பாதது தான்தானே. இப்படி நினைக்கவே அவருக்கு அத்தனை வருஷம் பிடித்தது. அந்தப் புத்தி வந்ததையும் அவர் ஜெனிதாவின் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்.

போன தை மாதம் ஜெனிதாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று சொன்னார்கள். மாசி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு நாலு நாள் முந்தி, மத்தியானம் பார்வையாளர் நேரத்தில், சென்னகேசவனும் ஜெயக்கொடியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கோவில்காரர்கள் இரண்டு பேர் ஜபம் சொல்லிவிட்டு அப்போதுதான் கிளம்பினார்கள். ஜெனிதா தலையணைக்குப் பக்கத்தில் அந்த அட்டைப் புத்தகம் இருந்தது.

“உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்க அம்மணி,” என்றார் சென்னகேசவன். “என்ர கைய எனக்குத் திருப்பிக் குடுத்தீங்க.”

“சொல்லாதீங்க. வேல இருக்குது.” குரல் ஈனமாக இருந்தாலும் அதட்டல் குறையவில்லை. “இதுல பேர் தெரியாதுன்னு எழுதுன துணி இன்னும் எத்தனையோ இருக்குதுண்ணா. எல்லாருக்கும் ஒத்த வார்த்தைல சீட்டு எழுதிக் குத்துனவ நானு. சீட்டுல எடம் அவ்வளவுதான் உட்டிருந்தாங்க. அவங்கெல்லாம் என்னன்னு நெனச்சுட்டு ஒக்காந்திருக்கறாங்களோ. நீங்க தேடிப் போயி, தமிழ்ல சொல்லிருங்க.”

பக்கத்தைப் புரட்டச் சொன்னார். ஜெயக்கொடி புரட்டினாள். ரத்தச் சிவப்பில் பச்சைக் கோடு போட்ட ஒரு துண்டில் விரலை வைத்தார்.

“இவரு வெள்ளகோவிலு. இவருக்கு ‘லவுடு’ன்னு எழுதிப்போட்டேன். லவுடுன்னா சத்தம். மனுசன் தறி சத்தம் போடுதுன்னு நெனச்சு எண்ணெய் ஊத்திட்டிருப்பாரு. அதில்லீங்க, கலரு கொஞ்சம் கண்ணப் பறிக்குது, ஒரு கோடு கொறைச்சா ஜோரா இருக்கும்னு அர்த்தம்னு சொல்லுங்க. மொத அவருகிட்டப் போங்க.” மூச்சு வாங்கியது. கண்ணை மூடித் திறந்தார். “போனதும் உக்காந்துட்டுச் சொல்லுங்கண்ணா. நீங்க நின்னுட்டுப் பேசுனா சண்டைக்கு வந்த மாதிரியே இருக்குது.”